எந்தக் குச்சி கிட்டே?

‘டமார்!’

யாரும் உட்காராத தறியிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

இந்திராணியின் விரலிடுக்கில் இருந்த சாக்பீஸ் பட்டென்று ஒடிந்தது. கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. கூடத்துக் கடப்பைக்கல் தரையில் அவள் எழுதியிருந்த கணக்குகள் மங்கலாகத் தெரிந்தன. அதற்கு அப்பால், சுவரோரம், அக்கா தேவகியின் தறி. அதன் மிதிப்பலகை இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் காலை எடுத்துக்கொண்டு எழுந்து போனது மாதிரி.

“தேவகி!”

அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள் அம்மா கிருஷ்ணம்மாள். கையில் பிடித்திருந்த கரண்டியிலிருந்து கஞ்சி தரையில் சொட்டியது.

“இன்னா தேவகி? எலி!” என்று எரிந்து விழுந்தார் அப்பா மயில்வாகனம். தறிக் குழிக்குள் குனிந்து, அறுந்து தொங்கிய மிதிப்பலகைக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். “பாரு, பல்லு பட்ட இடம். எத்தினி நாளா கடிச்சிக்கினு இருந்துச்சோ.”

“எலிக்கு இன்னிக்குத்தான் அறுக்கணும்னு இருந்துச்சா? நாளைக்கு இவ பரீட்சைக்குப் போறா. அவ வந்து இன்னாவோ சொல்றா.”

“சொல்றதுன்னா வாயைத் தொறந்து சொல்லட்டும். கயிறை அறுத்துக்கினு இருந்தா எனக்கு இன்னா புரியும்?”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. அதை மறைக்க இருமினார். தறியில் பூட்டியிருந்த பாவு இழைகளில் கை படாமல், ஒதுங்கி ஒதுங்கி வெளியே வந்தார்.

அந்தப் பாவை யாரும் தொடுவதில்லை. அரக்கு நிறம், மாங்காய்க் கரை. பாதிப் புடவை நெய்ததோடு நிற்கிறது. தேவகி விட்ட இடத்தில் வேறொரு கை படக் கூடாது என்று சொல்லிவிட்டார் மயில்வாகனம். போன ஐப்பசியிலிருந்து அது அப்படியே தூசி படிந்து கிடக்கிறது.

ஐப்பசி மழையில்தான் தெருக்கோடிக் குளத்தில் தேவகி மிதந்தாள். படி வழுக்கிவிட்டது என்றார்கள். இருக்கலாம். பாசி பிடித்த படிதான். ஆனால் ஈரப் புடவையை மாற்றும்போது முந்தானை முடிச்சில் ஒரு சாக்பீஸ் துண்டு, மாவாகக் குழைந்து கிடந்ததைக் கிருஷ்ணம்மாள் பார்த்தாள். குளத்துக்குப் போகிறவள் சாக்பீஸை எதற்கு முடிந்துகொண்டு போவாள்?

தேவகியின் புருஷன் தணிகாசலத்துக்கும் தெரியவில்லை. “காலையில் உங்க வீட்டுத் தறிக்குப் போறேன்னு கிளம்பினாள் மாமா. அதுக்கப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை” என்று குமரக்கோட்டத்து முருகன் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்தான். செவிலிமேட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதன். தாயில்லாத மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அழுத அழுகையில் பிள்ளையார்பாளையம் நெசவுத் தெருவே கரைந்தது.

செங்கல்பட்டில் உள்ள ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேரக் கணக்குப் பரீட்சை உண்டு. தேவகி இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தோற்றாள். இப்போது தங்கையின் முறை. நாளைக் காலை பரீட்சை.

“பாஸ் பண்ணா ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கட்டும். இல்லேன்னா ஆவணியில மாப்பிள்ளைக்கே இவளையும் கட்டி வெச்சிடலாம். கொழந்தைக்கும் ஒரு தாயி ஆச்சு” என்று மயில்வாகனம் சொல்லி மாசம் இரண்டாகிறது. அதைக் கேட்டுத் தணிகாசலம் முகம் சுளிக்கவில்லை. “முதலில் அவள் பாஸ் பண்ணட்டும். நானே சொல்லிக் கொடுக்கிறேன்” என்றான். யாருக்கு வரும் அந்த மனசு என்று தெருவே புகழ்ந்தது.

இந்திராணி தரையைப் பார்த்தாள்.

‘3.446. ஒரு தசம ஸ்தானத்துக்குத் திருத்தமாக எழுது.’

மாமா தணிகாசலம் சொல்லிக்கொடுத்த வழி சுலபம். வாலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் ஆறு. ஐந்துக்குக் குறையவில்லை, ஆகவே அதைத் தள்ளிவிட்டு முந்தின நாலை ஐந்தாக ஏற்று. 3.45 ஆயிற்று. இப்போது கடைசியில் ஐந்து. அதையும் தள்ளி முந்தினதை ஏற்று. விடை 3.5. ஒவ்வொரு படியாக ஏறி வருவது.

‘ஏத்து’ என்ற சொல் அந்த வீட்டுக்குப் பழகினதுதான். பாவுக்கு நீளம் போடும்போது பின்னம் வந்தால் மயில்வாகனம் எப்போதும் மேலேதான் ஏற்றுவார். கூடினால் மிச்சம், குறைந்தால் புடவை பாதியில் நிற்கும். அதனால் மாப்பிள்ளையின் கணக்கு வீட்டில் யாருக்கும் உறுத்தவில்லை.

ஆனால் இன்றைக்கு அவள் 3.5 என்று எழுதி முடித்த நொடியில் அந்தக் கயிறு அறுந்தது.

விடை எழுதும் முன் தேவகி சாக்பீஸால் தரையை இரண்டு தடவை தட்டுவாள். ‘டக், டக்.’ நிச்சயம் இல்லாத விடையென்றால் தட்டிக்கொண்டே இருப்பாள். சில நாட்களாக அந்தச் சத்தம் இந்திராணியின் காதை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் கேட்கிறது. தலை வாரினால் கேட்கிறது.

“இன்னாடி மலைச்சிப் போய் உக்காந்துக்கினு இருக்கே?” என்றார் அப்பா. “வா, நம்ம பாவு இன்னிக்கித் தெருவுல. வெயில் ஏறங்காட்டியும் முடிக்கணும்.”

தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு இழைகளை நீட்டிக் கட்டியாயிற்று. சம தூரத்தில் கவைக் குச்சிகள் அதைத் தாங்கி நின்றன. குச்சிக்கு ஓர் ஆள். கஞ்சி தடவும்போது ஏதாவது இழை அறுந்தால், அறுந்த இடத்துக்கு எந்தக் குச்சி கிட்டேயோ அந்தக் குச்சிக்காரர்தான் ஓடிப்போய் முடி போட வேண்டும். அது தெரு வழக்கம். அதில் தகராறு வராத நாளே கிடையாது.

இந்திராணியின் குச்சிக்கு அடுத்தது எதிர்வீட்டு அங்கம்மாளுடையது. அங்கம்மாளின் வாய்க்குப் பயந்து தெருநாய்கூட அந்தப் பக்கம் படுக்காது. அவள் மகள் இலஞ்சியம், பத்தாவது வகுப்புக்காரி, கஞ்சித் தூரிகையோடு நடுவில் நின்றாள்.

“இன்னா இந்திரா, நாளைக்கி இந்நேரம் செங்கல்பட்டு பஸ்ஸா? வரதர் திருவிழாக் கூட்டத்துல பஸ்ஸுக்கு மேலதான் எடம் கெடைக்கும். ஏறி உக்காந்துக்கோ, காத்தாவது வரும்” என்றாள் அங்கம்மாள்.

“நீங்க கூட வந்தா கூட்டமே ஒதுங்கிடும் அக்கா.”

“பார்றா! கணக்கு படிச்ச வாயி!”

சிரிப்புக்கு நடுவில் ‘ப்பட்’டென்று ஓர் இழை அறுந்தது. இந்திராணி எட்டிப் பார்த்தாள். அறுந்த முனை வழுக்கிக்கொண்டு போய், இரண்டு குச்சிகளுக்கும் சரி நடுவில் தொங்கியது.

“பாதிக்கு வந்துடுச்சு. உங்களுதுதான் அக்கா” என்றாள். பாதியென்றால் அடுத்த மேல்குச்சிக்குப் போவதும் தெரு வழக்கம்தான்.

“அடி கள்ளி!” அங்கம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். “இழை சரிஞ்சு பாதிக்கு வந்துச்சுடி. அறுந்தது எங்க? தோ, இங்க. உன் குச்சி பக்கம். அறுந்த எடத்தை நகத்தி வெச்சிக்கினு அப்புறம் தூரம் பாப்பியா? நல்லா இருக்குதே உன் ஞாயம்!”

எல்லோரும் சிரித்தார்கள். இந்திராணி சிரிக்கவில்லை.

அறுந்த இடத்தை நகர்த்திவிட்டு அப்புறம் தூரம் பார்ப்பதா?

அவள் தன் குச்சியைப் பார்த்தாள். அது 3.4. அங்கம்மாளின் குச்சி 3.5. நடுவில் அறுந்த இழை, 3.446. அது பாதியைத் தாண்டவில்லை. தன் பக்கம்தான் கிட்டே. ஆனால் கடைசி ஆறைக் காட்டி அதை முதலில் 3.45க்கு நகர்த்தினால், பாதி வந்துவிடுகிறது. பாதி வந்ததும், அடுத்த குச்சிக்குத் தள்ளிவிடலாம்.

இல்லாத இடத்தில் அறுந்ததாக ஆக்குவதுதான் மாமாவின் கணக்கு.

“முடி போடுடி, அப்புறம் நின்னு கனா காணு” என்றாள் அங்கம்மாள்.

இந்திராணி போய் இழையை எடுத்தாள். விரல்கள் வேலையைச் செய்தன. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

“இலஞ்சியம், உங்களுக்குக் கணக்கு எங்க மாமாதானே?”

“ஆமாக்கா. தணிகாசலம் சார்.”

“தசமத்துல திருத்தமா எழுதறது நடத்திட்டாரா?”

“ஓ! போன வருசமே. எழுப்பி எழுப்பிக் கேப்பாரு.” இலஞ்சியம் தூரிகையைப் பிரம்பு மாதிரி பிடித்துக்கொண்டு, வாத்தியார் குரலை வரவழைத்தாள். “‘எந்த ஸ்தானம் வேணுமோ அதுக்கு அடுத்த எண்ணை மட்டும் பாரு. ஒரே தடவை பாரு. அதுக்குப் பின்னால வாலு எவ்வளவு நீளமா இருந்தாலும் கண்ணை மூடிக்கோ!’ வாலுல இருந்து ஏறி வந்தா முட்டியில அடி விழும்க்கா. கலியன் வாங்கினான் பாருங்க, ஒரு வாரம் நொண்டிக்கினே வந்தான்.”

முடி போட்ட இழை இந்திராணியின் விரலை அறுத்தது. ரத்தம் பட்டில் படாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

மாமாவுக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

பாவு வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, இரண்டு மாசமாகப் போட்ட கணக்குகளை நினைவிலிருந்து எடுத்துத் தரையில் எழுதினாள். 3.478. ஏறி வந்தாலும் 3.5, ஒரே தடவை பார்த்தாலும் 3.5. 6.213. இரண்டு வழியிலும் 6.2. பெரும்பாலான கணக்குகளில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. அதனால்தான் கண்ணில் படவில்லை. நாலு நாலாக வந்து வாலில் மட்டும் பெரிய எண் நிற்கிற கணக்குகளில்தான் பள்ளம். பரீட்சைக்காரர்கள் தேடித் தேடிப் போடுவதும் அந்த மாதிரிக் கணக்குகளைத்தான்.

அக்காவுக்கும் மாமாதானே சொல்லிக்கொடுத்தார்?

‘டக், டக்.’

திரும்பிப் பார்த்தாள். தறி சும்மா இருந்தது.

“அம்மா,” என்று அடுப்பங்கரை வாசலில் போய் நின்றாள். “அக்கா கடைசியா வந்த அன்னிக்கி நீதானே வீட்டுல இருந்தே? இன்னா பண்ணிக்கினு இருந்தா?”

கிருஷ்ணம்மாள் புளியைக் கரைப்பதை நிறுத்தினாள். இதுவரை இந்தக் கேள்வியை யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை.

“தறியில உக்காரவே இல்லைம்மா. வந்ததும் தரையில எழுத ஆரம்பிச்சா. எழுதறா, அழிக்கிறா, எழுதறா, அழிக்கிறா. அப்புறம் சிரிச்சாம்மா. அப்படி ஒரு சிரிப்பு அவகிட்ட நான் பார்த்ததே இல்லை. ‘இன்னாடி’ன்னேன். ‘அவரு பள்ளிக்கோடத்துக்குப் போய் ஒரே ஒரு கணக்கு கேட்டுட்டு வந்துடறேம்மா’ன்னு எழுந்துட்டா. மழை தூறிக்கினு இருந்துச்சு. கொடைகூட எடுத்துக்கல.”

“இதை ஏம்மா நீ யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னேனே. மாப்பிள்ளைகிட்டயே கேட்டேன். ‘அவ வரவே இல்லையே அத்தே, வழியிலேயே மனசு மாறி குளத்துப் பக்கம் போயிருப்பா’ன்னாரு. சத்தியம் பண்ண மனுசனை இன்னா கேக்கறது?” அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கணக்கு வரலேன்னு மனசு ஒடிஞ்சி போயிட்டான்னுதான் நெனச்சிக்கினேன். ஆனா ஒடிஞ்சவ எதுக்குடி சிரிக்கணும்?”

மத்தியானம் சாய்கிற நேரத்தில் தணிகாசலம் வந்தான். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் காகிதப் பொட்டலத்தில் மல்லிகைப்பூ.

“குமரக்கோட்டத்துல அர்ச்சனை பண்ணிட்டு வரேன் அத்தே. நாளைக்கு இந்திரா வெச்சிக்கிட்டுப் போகட்டும்.”

“உள்ள வாங்க மாப்பிள்ளை” என்று கிருஷ்ணம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மயில்வாகனம் தெருவில் காய்ந்த பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் மட்டும் வாசல் வழியாகக் கேட்டது.

தணிகாசலம் வேட்டியை மடித்துக்கொண்டு, வழக்கமான இடத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“பயமா இருக்குதா?”

“இல்லை மாமா.”

“பயப்படக் கூடாது. ஒரு தடவை எழுதறது பழகத்தானே? வரலேன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. உன்னை யார் கைவிடப் போறாங்க?” புன்னகையில் உண்மையான பிரியம் இருந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. “கடைசியா ஒரே ஒரு கணக்கு போடு பார்க்கலாம். நீயே ஒண்ணு எடுத்துக்கோ.”

இந்திராணி சாக்பீஸை எடுத்தாள்.

3.446 என்று எழுதினாள்.

அவன் கண் அந்த எண்ணின் மேல் விழுந்ததும் புன்னகை அப்படியே நின்றது. குறையவும் இல்லை, வளரவும் இல்லை.

“இது எங்க கிடைச்சுது உனக்கு?”

“நீங்க குடுத்ததுதான் மாமா. போன வாரம்.”

“ஆங்... குடுத்திருப்பேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “சரி, போடு. வாலிலிருந்து ஏறி வா.”

அவள் சாக்பீஸால் தரையை இரண்டு தடவை தட்டினாள். ‘டக், டக்.’ வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகத் தட்டியது. தணிகாசலம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். அவன் பார்வை அவளைத் தாண்டித் தேவகியின் தறிக்குப் போய், அறுந்து தொங்கிய கயிற்றில் நின்றது.

“யார் அறுத்தது அதை?”

“எலின்னு அப்பா சொல்றாரு.”

சொல்லிக்கொண்டே அவள் எழுதினாள். நடுவில் எந்தப் படியும் இல்லை. 3.446. அதற்குக் கீழே, நேராக, 3.4.

தெருவில் அங்கம்மாள் யாரையோ திட்டுவது கேட்டது. பின்கட்டில் குழந்தை விழித்து அம்மாவைத் தேடி அழுதது. கிருஷ்ணம்மாள் அதற்கு ஏதோ பாட்டுச் சொன்னாள்.

“தப்பு” என்றான் தணிகாசலம்.

“அறுந்த எடத்தை நகத்தக் கூடாது மாமா. எது கிட்டே இருக்குதுன்னு ஒரே தடவை பாக்கணும். வாலுல இருந்து ஏறி வந்தா உங்க கிளாஸ்ல முட்டியில அடி விழுமாமே?” அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். “ஊர்ப் புள்ளைங்களுக்கு ஒரு கணக்கு. எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஒரு கணக்கா?”

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். சமாளிப்பான் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. குனிந்து, உள்ளங்கையால் அந்த 3.4ஐ மெதுவாக அழித்தான். கடப்பைக்கல்லில் வெள்ளைத் தீற்றல் மட்டும் நின்றது. தன் கையில் ஒட்டியிருந்த சுண்ணத்தையே பார்த்துக்கொண்டு, தறியில் உட்கார்ந்திருக்கும் யாரிடமோ சொல்வது போல, தணிகாசலம் சொன்னான்:

“அன்னிக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து, உங்க அக்காவும் இதே கணக்கைத்தான் எனக்கு எழுதிக் காட்டினா.”